லோகோவிலேயே நிற்கும் ஆப்: சுவர் மேல் பழி வேண்டாம்

ஆப் லோகோவோடு நின்று 'இணைப்பு இல்லை' என்கிறது, அழித்து மறுபடி ஏற்றியும் பலனில்லை, காரைக்குடி வீட்டின் கனத்த சுவர்தான் காரணமோ என்று கேட்டிருந்தீர்கள். திண்ணையில் மொபைல் டேட்டாவிலும் அதே கதை என்கிறீர்களே, அப்புறம் சுவர் என்ன செய்யும், பாவம்!

எனக்குச் சந்தேகம் பிரைவேட் டிஎன்எஸ் மேல்தான். சர்வரின் பெயரைச் சொன்னால் அதன் இணைய முகவரியைத் தேடித் தரும் சேவைதான் டிஎன்எஸ்; எந்தச் சேவை வேண்டும் என்று போனில் நாமே குறிக்கும் இடம் இது. ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கிறது. வைஃபை, டேட்டா இரண்டுக்கும் பொருந்தும். விளம்பரத்தைத் தடுக்க அதில் யாராவது ஒரு முகவரி போட்டிருந்தால், ஆப் தேடும் சர்வரும் சேர்ந்து அடிபடலாம். ஆப்பை அழித்தாலும் இது மாறாது. தேவகோட்டையில் என் ஆச்சியின் போனில் பேரன் செய்து வைத்த வேலை இதுதான். தெரியாமல் வளவில் நின்று அரை நாள் ரௌட்டரைத் திட்டினேன்.

செட்டிங்ஸில் அதை 'ஆஃப்' செய்து, ஆப்பை ஃபோர்ஸ் ஸ்டாப் கொடுத்துத் திறங்கள். அப்படியும் நின்றால் விபிஎன் (இணைப்பை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் வசதி) ஏதும் ஓடுகிறதா என்று பாருங்கள்.