கடலில் தண்ணீர் குடித்த பிள்ளை ராத்திரி தூங்கினால் ஆபத்தா?

கேள்வி: போன விடுமுறையில் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருந்தோம். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்ற என் 4 வயது மகனை ஓர் அலை புரட்டிப் போட்டது. கணவர் உடனே தூக்கிவிட்டார். இரண்டு மூன்று நிமிடம் இருமினான், பிறகு விளையாடப் போய்விட்டான். அன்று ராத்திரி போனில் ‘உலர் மூழ்கல்’ பற்றிப் படித்தேன். கரைக்கு வந்து நன்றாக இருக்கும் பிள்ளைகள்கூட தூக்கத்தில் இறந்துவிடுவார்கள் என்று போட்டிருந்தது. இருமல் மருந்து கொடுத்துவிட்டு, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவியோடு விடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இப்போதும் ராத்திரியில் எழுந்து அவன் மூச்சைப் பார்க்கிறேன். மறுபடி கடற்கரைக்குப் போகலாம் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பிள்ளைகளைப் பாட்டியிடம் விட்டுவிட்டு நாம் இருவர் மட்டும் ஒரு தடவை போய்வரலாம் என்கிறார் கணவர். எனக்கு இரண்டுக்கும் மனம் வரவில்லை. வெயில், ஜெல்லிமீன், காதில் தண்ணீர், என் மாதவிடாய்த் தேதி என்று வேறு கவலைகளும் இருக்கின்றன. முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாடிக் வாங்கிக்கொண்டு போகலாமா?

பதில்: உங்கள் மகன் அன்று ராத்திரி ஆபத்தில் இல்லை. நீங்கள் அசந்து தூங்கியிருந்தாலும் அவன் காலையில் எழுந்து விளையாடத்தான் போயிருப்பான். வெயில், ஜெல்லிமீன் என்று பலதும் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் நெஞ்சை அழுத்துவது ஒன்றுதான்: நான் கண் மூடிய நேரத்தில் பிள்ளையின் மூச்சு நின்றுவிடுமோ? முதலில் அதைப் பேசிவிடுவோம்.

‘உலர் மூழ்கல்’ என்பது மருத்துவத்தில் கைவிடப்பட்ட பெயர். 2002-இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த உலக மாநாட்டிலேயே, தண்ணீரில் மூழ்கி மூச்சு பாதிக்கப்பட்டால் அதை மூழ்கல் என்று மட்டும் சொன்னால் போதும், உலர், ஈரம் என்றெல்லாம் பிரிக்க வேண்டாம் என்று முடிவாயிற்று. உலக சுகாதார நிறுவனமும் அதையே ஏற்றுக்கொண்டது. இருந்தும் ஒவ்வொரு விடுமுறைக் காலத்திலும் அந்தப் பழைய பெயரைத் தலைப்பில் போட்டு யாராவது ஒரு செய்தியைப் பரப்புகிறார்கள், நூற்றுக்கணக்கான தாய்மார்கள் தூக்கத்தைத் தொலைக்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே கோபம் தருகிற விஷயம். மூழ்கிய பிறகு எந்தத் தொந்தரவும் இல்லாமல் முழுக்க நன்றாக இருந்த ஒரு பிள்ளை, நாள்கள் கழித்துத் திடீரென்று அதனாலேயே இறந்துபோனதாக மருத்துவ ஏடுகளில் பதிவே இல்லை. நிலைமை மோசமாகும் பிள்ளைகள் அதற்கு முன்பே அதைக் காட்டிவிடுகிறார்கள். அந்த அடையாளம் என்ன என்பதைத்தான் நீங்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

நுரையீரலின் நுண்ணிய காற்றறைகளுக்குள் வழுவழுப்பான ஒரு படலம் பூசியிருக்கிறது. காற்றறைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் விரித்து வைத்திருப்பது அதுதான். நுரையீரலுக்குள் தண்ணீர் போனால் அந்தப் படலம் கழுவப்பட்டுவிடலாம். அப்படி நடந்தால், நனைந்த பிளாஸ்டிக் பையின் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்வதுபோலக் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளும், சுற்றிலுமுள்ள ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து உள்ளே சேரும். இது ஆரம்பித்துவிட்டால் மறைந்திருக்காது. பெரும்பாலும் 8 மணி நேரத்துக்குள் பிள்ளையின் மூச்சில் தெரிந்துவிடும்.

ஆகவே ஒரு பிள்ளை தண்ணீருக்குள் போய் வெளியே வந்த பிறகு நீங்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது மூச்சைத்தான். சட்டையைத் தூக்கிவிட்டு நெஞ்சையும் வயிற்றையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையிலோ விலாவுக்குக் கீழேயோ தோல் உள்வாங்குகிறதா? தொண்டைக்குழி குழிகிறதா? மூக்குத் துவாரம் விடைக்கிறதா? ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். உங்கள் மகன் வயதில் அழாமல், ஓடாமல் இருக்கும்போது நிமிடத்துக்கு 40-க்கு மேல் போனால் அது வேகமான மூச்சு. இருமல் எப்படிப் போகிறது என்பதும் முக்கியம். தண்ணீர் புரையேறினால் இருமல் வரும், சில நிமிடத்தில் அடங்கும். அது அடங்காமல் தொடர்ந்தால், அல்லது அடங்கி ஒரு மணி, இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி கிளம்பிக் கூடிக்கொண்டே போனால், அதுதான் எச்சரிக்கை. அதோடு வாயில் நுரை, உதட்டில் நீலம், வழக்கத்துக்கு மாறான சோர்வு, எழுப்பினால் சரியாக எழுந்திருக்காத மயக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்கவே கூடாது. கூகுளில் தேடாதீர்கள், தெரிந்தவர்களுக்குப் போன் போட்டு யோசனை கேட்காதீர்கள். அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். அங்கே ஆக்சிஜன் அளவு பார்ப்பார்கள், 6 முதல் 8 மணி நேரம் வைத்துக் கவனிப்பார்கள். முதலில் எடுத்த எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் உடனே வீட்டுக்கு அனுப்பாமல் இருப்பார்கள். அடுத்த சில மணி நேரத்தில் மூச்சு மோசமாகலாம் என்பதுதான் காரணம், அவசரப்படாதீர்கள்.

இன்னொரு வகைப் பிள்ளைக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. தண்ணீரிலிருந்து தூக்கும்போது நினைவில்லாமல் இருந்தாலோ, மூச்சு ஊத வேண்டி வந்தாலோ, அடுத்த நிமிடமே எழுந்து சிரித்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும்.

உங்கள் மகனுக்கு இதில் எதுவுமே இல்லை. இருமினான், நின்றது, விளையாடப் போனான். அன்று உண்மையில் என்னைக் கவலைப்பட வைப்பது நீங்கள் கொடுத்த இருமல் மருந்து. கடையில் கேட்டு வாங்கும் இருமல் மருந்துகளில் பல தூக்கம் வரவைப்பவை. எந்தப் பிள்ளை மயக்கமாக இருக்கிறானா என்று பார்க்க வேண்டுமோ, அவனுக்கே தூக்க மருந்தைக் கொடுத்துவிட்டால் எதை வைத்து முடிவெடுப்பீர்கள்? பயண வாந்திக்குக் கொடுக்கும் மாத்திரைகளிலும் இதே சிக்கல் உண்டு. கடலில் இறங்கும் நாளில் இவை வேண்டாம். ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். மூழ்கி ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட நோயாளிக்கே தொற்றுக்கான அடையாளம் தெரிந்த பிறகுதான் நாங்கள் அதைத் தொடங்குகிறோம். பையில் வைத்திருந்தால் பயத்தில் கொடுத்துவிடுவீர்கள், அதனால் வாங்கவே வாங்காதீர்கள். விரலில் மாட்டும் கருவியையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். சில்லிட்ட விரல், சின்ன விரல், அசையும் விரல் எல்லாவற்றிலும் அது தப்பாகக் காட்டும். குறைத்துக் காட்டினால் உங்களுக்கு உயிர் போகும். சரியாகக் காட்டினால், விலா உள்வாங்குவதைக் கண்ணால் பார்த்தும் ‘நம்பர் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று இருந்துவிடுவீர்கள். இரண்டாவதுதான் எனக்குப் பெரிய பயம்.

உண்மையான ஆபத்து ராத்திரியில் இல்லை, தண்ணீரில் இருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் மட்டும் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அதில் ஏறக்குறைய கால் பங்கு 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். இவர்களில் பெரும்பாலோர் கத்திக் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். மூழ்கும் பிள்ளைக்கு மூச்சு விடவே நேரம் போதாது, கத்துவதற்கு மூச்சு எங்கே இருக்கும்? தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில் முங்கி முங்கி எழும். கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்தும், மேலே தூக்கி ஆட்ட வராது. உடம்பு நட்டுவைத்ததுபோல நேராக நிற்கும், கால் உதைக்காது. தூரத்திலிருந்து பார்த்தால் நின்று விளையாடுவதுபோலத்தான் தெரியும். ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

இதனால்தான் குடும்பமாகப் போகும்போது நான் எல்லோரிடமும் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். பத்துப் பேர் கரையில் இருந்தால் பத்துப் பேரும் பார்ப்பதாக ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்கிறார்கள், கடைசியில் யாரும் பார்ப்பதில்லை. ‘இப்போது நான் பார்க்கிறேன்’ என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர் கையில் போன் இருக்கக் கூடாது, போட்டோ எடுப்பதுகூட வேறொருவர் வேலை. கால் மணி நேரம் ஆனதும் அடுத்தவரிடம் பெயர் சொல்லி ஒப்படைக்க வேண்டும். 4 வயதுப் பிள்ளைக்குக் கரையிலிருந்து பார்ப்பது போதாது, கை எட்டும் தூரத்தில் தண்ணீரிலேயே நிற்க வேண்டும். உங்கள் கணவர் அன்று அப்படித்தான் நின்றிருக்கிறார். பிள்ளை பிழைத்தது அதனால்தான், உங்கள் ராத்திரி விழிப்பால் அல்ல. காற்றடைத்த மிதவைகளை நம்பிப் பிள்ளையைக் கடலில் விடாதீர்கள். கரையிலிருந்து காற்று அடித்தால் பெரியவர் நீந்திப் பிடிக்க முடியாத வேகத்தில் அவை உள்ளே போய்விடும்.

உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில், அவர் கொடி நட்ட எல்லைக்குள் குளியுங்கள். அலை உடையாமல் அமைதியாகத் தெரியும் குறுகிய இடைவெளியைக் குழந்தைகளுக்கு ஏற்ற இடம் என்று பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் திரும்பக் கடலுக்குள் ஓடும் வழியாக அது இருக்கலாம். நொடிக்கு 2 மீட்டர் வேகத்தில்கூட இழுக்கும், எதிர்த்து நீந்தினால் தேர்ந்த நீச்சல்காரருக்கும் கை ஓய்ந்துவிடும். அது கீழே இழுப்பதில்லை, வெளியேதான் தள்ளும். அதனால் மல்லாந்து மிதந்து கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், முடிந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி விலக வேண்டும். பிள்ளையை இழுத்துக்கொண்டு போனால் வெறுங்கையோடு பின்னால் குதிக்காதீர்கள். மிதக்கும் பொருள் எதையாவது எறியுங்கள், உயிர்காப்பாளரைக் கூப்பிடுங்கள். காப்பாற்றப் போன பெற்றோரும் சேர்ந்து போன குடும்பங்கள் நிறைய.

மூச்சில்லாமல் தூக்கி வந்தால் வயிற்றை அழுத்தித் தண்ணீரை எடுக்க நேரம் செலவழிக்காதீர்கள், தலைகீழாகப் பிடிக்காதீர்கள். இவர்களுக்குத் தேவை காற்று. முதலில் வாயில் மூச்சு ஊதுங்கள், பிறகு நெஞ்சில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று உதவி வரும்வரை விடாமல் செய்யுங்கள். ஊருக்குக் கிளம்புவதற்கு முன் நீங்களும் கணவரும் இதை ஒரு பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டால், அந்த ஆன்டிபயாடிக்கைவிட ஆயிரம் மடங்கு பயன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெயிலுக்கு முழுக்கைச் சட்டையும் நிழலும்தான் முதல் மருந்து. மூடாத இடங்களில் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேல் உள்ள கிரீமை 2 மணி நேரத்துக்கு ஒரு முறையும், தண்ணீரிலிருந்து வந்ததும் தடவுங்கள். ஜெல்லிமீன் பட்டால் கடல் தண்ணீரிலேயே கழுவி, ஒட்டிய இழைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, உங்கள் கைக்குப் பொறுக்கும் வெந்நீரில் 20 நிமிடம் வையுங்கள். சூடு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. சிறுநீர், மணல் தேய்ப்பு எல்லாம் வேண்டாம். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆபத்தான வகை இருப்பதாகக் கரையில் பலகை வைத்திருந்தால் இறங்காதீர்கள். காதில் தண்ணீர் போனால் தலையைச் சாய்த்தால் வந்துவிடும், பட்ஸ் போடாதீர்கள்.

மாதவிடாய் நாளில் கடலில் குளிப்பதால் எந்தக் கெடுதலும் இல்லை. தேதியைத் தள்ளிப்போட மாத்திரை வேண்டுமென்றால் உங்கள் மருத்துவரிடம் போய் வாங்குங்கள், தோழியிடம் மிச்சமிருக்கும் அட்டையிலிருந்து அல்ல. ரத்தம் உறையும் தொந்தரவு உங்களுக்கோ குடும்பத்திலோ இருந்ததா, கண்ணில் மின்னலோடு வரும் ஒற்றைத் தலைவலி உண்டா, புகைப்பழக்கம் உண்டா, நீண்ட விமானப் பயணமா என்று கேட்காமல் அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது. எதிர்பார்க்கும் தேதிக்கு 3 நாள் முன்பே தொடங்க வேண்டியது என்பதால் கடைசி நாளில் போய் நிற்காதீர்கள்.

நீங்கள் இருவர் மட்டும் போகும் பயணத்துக்கும் போய் வாருங்கள். அதில் பிள்ளையைவிட உங்கள் கணவரைப் பற்றித்தான் சொல்வேன். மூழ்கி இறப்பதில் ஆண்கள் பெண்களைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. பெரியவர்கள் விஷயத்தில் அதற்கு முக்கியமான ஒரு காரணம் மது. இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு நிலா வெளிச்சத்தில் ஒரு குளியல் என்றால் கண்டிப்பாக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. பிள்ளை நலமாக இருந்தும் இத்தனை நாள் கழித்து ராத்திரியில் எழுந்து அவன் மூச்சைப் பார்க்கிறீர்கள், சந்தோஷமாகப் போக வேண்டிய பயணங்களை வேண்டாம் என்கிறீர்கள். இந்தப் பதிலைப் படித்த பிறகு அது அடங்கினால் நல்லது. இரண்டு மூன்று வாரம் கழித்தும் அப்படியே இருந்தால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதிர்ச்சிக்குப் பிறகு வரும் இந்தப் பதற்றத்துக்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, பலருக்கு மாத்திரை இல்லாமல் பேச்சு வழிச் சிகிச்சையிலேயே சரியாகிறது.