காபி ஆறுது

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். ஈரோட்டில் நண்பர்கள் ஏழு பேர் சேர்ந்து மாதம் ஒரு முறை கூடி வாசிக்கலாம் என்றிருக்கிறோம். பதினெட்டாம் நூற்றாண்டு பாரிஸ் சலோன்களை, அதாவது ஒருவர் வீட்டில் கூடிப் பேசும் அந்தச் சபைகளை, மாதிரியாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. மதாம் ழோஃப்ரேன் வீட்டில் வால்தேரின் நாடகத்தை வாசிக்கும் அந்தப் புகழ்பெற்ற ஓவியத்தை அழைப்பிதழில் போட்டிருக்கிறேன். வால்தேர், ரூசோ, திதெரோ, தலாம்பேர் எல்லாரும் ஒரே அறையில்! அப்படிப்பட்ட மேதைகள் கூடினால் புரட்சி வராமல் என்ன செய்யும்? நம்மிடம் அப்படி யார் இருக்கிறார்கள்? வாட்ஸப் குழுவில் நாலு வரி எழுதினாலே சண்டை வந்துவிடுகிறது.

இன்னொரு சந்தேகம். சலோன்களை நடத்தியவர்கள் பெண்கள் என்று பெருமையாகச் சொல்கிறார்கள். படித்துப் பார்த்தால் அவர்கள் விருந்து உபசரிப்பவர்களாக மட்டும்தான் இருந்திருக்கிறார்கள். சிந்தனையில் அவர்களுடைய பங்கு என்ன?

எந்த நூல்களில் தொடங்கலாம் என்று ஒரு பட்டியல் தர முடியுமா?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள தம்பி,

மூன்று மாதமாக நான் எந்தக் கடிதத்துக்கும் பதில் எழுதவில்லை. உங்களுக்கு எழுத ஒரு காரணம் இருக்கிறது. அது தானாக வரும்.

முதலில் அந்த ஓவியத்தை அழைப்பிதழிலிருந்து எடுத்துவிடுங்கள். லெமோனியே அதை வரைந்தது 1812இல், நெப்போலியனிடமிருந்து மணவிலக்குப் பெற்றிருந்த ழோசஃபீனுக்காக. காட்டியிருப்பதோ 1755இல் நடந்ததாக ஒரு மாலை. படம் வரையும்போது மதாம் ழோஃப்ரேன் இறந்து முப்பத்தைந்து வருடம் ஆகியிருந்தது. போன தலைமுறையின் பெரிய தலைகளையெல்லாம் கூட்டி வந்து ஒரே அறையில் உட்கார வைத்த கற்பனை அது. வால்தேர் அதில் மார்பளவுச் சிலையாகத்தான் இருக்கிறார், பார்த்தீர்களா? 1750இல் பாரிஸை விட்டுப் போனவர் 1778இல்தான் திரும்பி வந்தார். வந்த நான்காம் மாதம் செத்துப்போனார். ரூசோவுக்கு நாலு பேர் கூடிய இடத்தில் பேச்சே வராது, அவரே எழுதியிருக்கிறார். திதெரோ அந்த வீட்டுப் புதன்கிழமை வட்டத்தைச் சேர்ந்தவரே இல்லை.

புரட்சி விஷயத்தை விட்டுவிடுகிறேன். 1789 ஜூலையில் பாஸ்தீய் சிறை விழுந்தபோது இவர்களில் பெரும்பாலோர் மண்ணுக்குள் இருந்தார்கள். உயிரோடு மிச்சமிருந்த மொரெல்லே பாதிரியார் தன் வருமானத்தையெல்லாம் அந்தப் புரட்சியில்தான் இழந்தார். அது வேறு கதை.

நம்மிடம் மேதைகள் இல்லை என்ற புலம்பலையும் நான் கேட்பதாக இல்லை. பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தின் தொகுப்பாசிரியராக அதை இருபது வருடத்துக்கு மேல் சுமந்த திதெரோ, நெக்கர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒருவர் சொன்ன ஒரு சொல்லுக்குப் பதில் தெரியாமல் வாயடைத்துப் போயிருக்கிறார். தன்னைப் போன்றவனுக்கு மாடிப்படி இறங்கி அடிப்படிக்கு வந்த பிறகுதான் புத்தி திரும்பி வரும் என்று எழுதிவைத்தார். பிரெஞ்சுக்காரர்கள் இன்றுவரை அதை ஒரு சொலவடையாக வைத்திருக்கிறார்கள். உங்கள் ஏழு பேரிலும் அடிப்படியில் பதில் தோன்றுகிற ஒருவர் கட்டாயம் இருப்பார். அவர் அடுத்த முறை வருவாரா என்பதுதான் என் கவலை.

சரி, உங்கள் கடிதத்தில் என்னைக் குத்திய சொல்லுக்கு வருகிறேன். ‘மட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உபசரிப்பவர்களாக மட்டும். இதை எழுதும்போது உங்கள் கை கொஞ்சம் தயங்கியிருக்க வேண்டும் தம்பி.

மதாம் ழோஃப்ரேனுக்குப் பதினான்கு வயதில் கல்யாணம். மாப்பிள்ளைக்கு ஐம்பதை நெருங்கும் வயது. கண்ணாடித் தொழிற்சாலையில் பங்குள்ள பணக்காரர். பள்ளிக்கூடம் போகாத பெண். கடைசிவரை பிழையில்லாமல் நாலு வரி எழுத வராது. அப்படிப்பட்டவர் சேன்தொனோரே தெருவில் தன் வீட்டில் திங்கட்கிழமை ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும், புதன்கிழமை எழுத்தாளர்களுக்கும் விருந்து என்று நாள் குறித்தார். இரவில் இல்லை, பகல் ஒரு மணிக்கு. சாப்பிட்டுவிட்டுப் பிற்பகல் முழுக்கப் பேசலாம். ஏறத்தாழ கால் நூற்றாண்டு அந்த நாள் மாறவில்லை. ஊருக்கு வருகிற வெளிநாட்டுக்காரனுக்குக்கூட எந்தக் கிழமை எந்த வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்று தெரியும். செவ்வாய் எல்வேசியுஸ் வீடு, வெள்ளி நெக்கர் வீடு, வியாழனும் ஞாயிறும் ஓல்பாக் பிரபு வீடு. கிழமை என்பது சின்ன விஷயமா? நீங்கள் ‘மாதம் ஒரு முறை’ என்று எழுதியிருக்கிறீர்கள், கிழமை சொல்லவில்லை. எல்லாருக்கும் தோதான நாளைக் குழுவில் கேட்டு முடிவு செய்வீர்கள். மூன்றாவது மாதம் தோதான நாளே கிடைக்காது.

ழோஃப்ரேன் அம்மாள் வீட்டுச் சாப்பாடு பற்றி எழுத்தாளர் மார்மோந்தெல் எழுதியிருக்கிறார், அங்கேயே தங்கியிருந்தவர். நெருங்கியவர்களுக்கான இரவுச் சாப்பாட்டில் ஒரு கோழி, கொஞ்சம் கீரை, ஓர் ஆம்லெட், பெரும்பாலும் அவ்வளவுதான். சாப்பாட்டுக்காக யாரும் வரவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். பேச்சு சூடேறினால், அல்லது போலீஸ் காதுக்குப் போகக்கூடிய பக்கம் திரும்பினால், அந்த அம்மாள் “நல்லது, அது போதும்” என்பார். அத்துடன் பேச்சு வேறு பக்கம் போய்விடும். இது அடக்குமுறை என்பவர்கள் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. சாப்பிட்டு முடித்ததும் தலாம்பேரும் மொரெல்லேயும் மற்றவர்களும் துயிலெரி தோட்டத்துக்குப் போய் ஒரு மரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து, அரசாங்கத்தை மனம்போல் திட்டித் தீர்ப்பார்களாம். ஆனால் ஒன்றை யோசியுங்கள். 1752இல் கலைக்களஞ்சியத்துக்குத் தடை. 1759இல் உரிமமே ரத்து. திதெரோ 1749இலேயே வேன்சென் சிறையைப் பார்த்துவிட்டு வந்தவர். ஒரு தவறான வாக்கியம் ஒருவனைச் சிறைக்கு அனுப்பக்கூடிய ஊரில் கால் நூற்றாண்டு ஒரு மேஜையைக் கலைக்கவிடாமல் வைத்திருப்பது என்றால் என்ன? யாரை யார் பக்கத்தில் உட்கார வைப்பது, யாருடைய வாயை எப்போது அடைப்பது, யாரைத் தூண்டிப் பேச வைப்பது என்று எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். இதை மூளை இல்லாமல் செய்ய முடியுமா? கட்டுரை எழுதினால்தான் சிந்தனை, கூட்டத்தைக் கட்டிக் காத்தால் பணிவிடை என்று யார் உங்களுக்குச் சொல்லித் தந்தது?

ஓல்பாக் வீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அங்கே வீட்டுக்காரர் ஆண் என்றாலும். கடவுளே கிடையாது என்பவர்களின் கூடாரம் அது. ஒரு நாள் அங்கே திதெரோவும் ரூ என்ற மருத்துவரும் கடவுளுக்கு எதிராகப் பேசிய பேச்சுக்கு வீட்டின் மேல் நூறு இடி விழுந்திருக்க வேண்டும் என்கிறார் மொரெல்லே. நேப்பிள்ஸ் தூதரகத்தில் வேலை பார்த்த கலியானி பாதிரியார் அதை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், நான் போப்பாக இருந்தால் உங்களை மத விசாரணை மன்றத்தில் நிறுத்தியிருப்பேன், அரசனாக இருந்தால் பாஸ்தீயில் போட்டிருப்பேன், இரண்டும் இல்லாததால் வருகிற வியாழக்கிழமை சாப்பிட வருகிறேன், நான் உங்களைப் பொறுமையாகக் கேட்டதுபோல நீங்களும் என்னைக் கேளுங்கள் என்றார். வியாழன் வந்தது. சாப்பிட்டு, காபி குடித்து, நாற்காலியில் தையற்காரர் போலச் சம்மணமிட்டு உட்கார்ந்து, புழுக்கம் தாளாமல் பொய்முடியைக் கழற்றி ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். தாயக்கட்டையில் ஒருவனுக்குத் திரும்பத் திரும்ப ஆறே விழுந்தால் கட்டையில் ஈயம் வைத்திருக்கிறான் என்று உடனே சொல்வீர்களே, இவ்வளவு ஒழுங்காகச் சுற்றுகிற உலகத்தைப் பார்த்து மட்டும் தற்செயல் என்கிறீர்களே என்பது அவர் வாதம். அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட இதனால் பக்தராகவில்லை. ஆனால் கடைசிவரை கேட்டார்கள். அங்கே பல நேரம் ஒருவர் மட்டும் பேசுவார், குறுக்கே யாரும் விழமாட்டார்கள், அப்படிக் காது கொடுக்கிற பழக்கத்தை வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை என்று மொரெல்லே எழுதுகிறார். பிற்பாடு கலியானி தானிய வணிகம் பற்றி எழுதிய நூலுக்கு மறுப்பு எழுதியவரும் இதே மொரெல்லேதான்!

அந்த வியாழக்கிழமையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கும்பகோணத்தில் ஒரு திண்ணை நினைவுக்கு வரும். எண்பதுகளின் தொடக்கம். ஒரு பள்ளி ஆசிரியர் வீட்டில் ஞாயிறு சாயங்காலம் நாங்கள் கூடுவோம். சார் பெரிய படிப்பாளி, பிரமாதமாகப் பேசுவார். அவர் மனைவியை நாங்கள் அக்கா என்போம். எட்டாவதோடு நிறுத்தப்பட்ட படிப்பு. பன்னிரண்டு டவரா டம்ளர், ஐந்து பேர் வந்தாலும் பன்னிரண்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார். யாராவது குரலை உயர்த்தினால் சரியாக அந்த நேரத்துக்கு நிலைப்படியில் வந்து நிற்பார். “காபி ஆறுது, குடிங்க.” எல்லாரும் டம்ளரை எடுப்போம். வாய் ஓயும்.

எனக்கு இருபத்து நான்கு வயது. ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வருவார், கொஞ்சம் திக்குவாய். அன்றைக்கு வாலி வதம் பற்றிப் பேச்சு. அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, நடுவில் ஒரு சொல் வராமல் நின்றார். நான் அந்த இடைவெளியில் புகுந்து என் வாதத்தைக் கொட்டினேன். நன்றாகவே பேசினேன், எல்லாரும் தலையாட்டினார்கள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார். அடுத்த ஞாயிறு வரவில்லை. கிளம்பும்போது அக்கா என்னை வாசலில் நிறுத்தினார். “அவர் முடிக்கறதுக்குள்ள நீ ஏன்டா பேசின? போய்க் கூட்டிட்டு வா. அவரில்லாம நீயும் வராதே.” சாருக்கு அந்தப் பெரியவர் வராததே கண்ணில் படவில்லை. போனேன், மன்னிப்புக் கேட்டேன். மறு ஞாயிறு வந்தார். விட்ட வாக்கியத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கி, திக்கித் திக்கி முடித்தார். வாலி கேட்கிற கேள்விகளுக்குக் கம்பன் பதிலை வைத்த இடத்தைவிடக் கேள்விகளை வைத்த இடம்தான் முக்கியம் என்றார். வாலி வதத்தைப் பற்றி என் மனத்தில் நின்றது அந்த ஒரு வாக்கியம்தான்.

சில வருடம் கழித்து மகளின் பிரசவத்துக்காக அக்கா பெங்களூர் போனார். ஒரு மாதம் என்று போனவர் ஒரு வருடம் இருக்க வேண்டியதாயிற்று. இரண்டே மாதத்தில் கூட்டம் நின்றுபோனது. சார் இருந்தார், திண்ணை இருந்தது, புத்தகங்கள் இருந்தன. “பசங்களுக்கு ஆர்வம் போயிடுச்சுப்பா” என்றார் சார். நானும் அப்படித்தான் நம்பினேன். உங்கள் கடிதம் வந்த அதே வாரம் அக்கா தவறிப்போன செய்தி வந்தது. அந்தச் செய்தியோடு ‘மட்டும்’ என்ற உங்கள் சொல்லையும் சேர்த்துத்தான் படித்தேன். கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை தம்பி. நாற்பது வருடமாக அந்தத் திண்ணையைப் பற்றி எங்கெல்லாமோ பேசியிருக்கிறேன், ஒரு முறைகூட அக்காவைச் சொன்னதில்லை.

ழூலி த லெஸ்பினாஸ் என்ற பெயரைத் தேடிப் படியுங்கள். கண் தெரியாமல் போன மதாம் து தெஃபானுக்குத் துணையாக 1754இல் வந்தவர். மேலே தன் அறையில் ஒரு மணி நேரம் முன்னதாகவே அந்த அம்மாளின் விருந்தாளிகளை வரவேற்றதற்காக 1764இல் வெளியேற்றப்பட்டார். விருந்து வைக்கக் காசில்லாதவர். சாயங்காலம் ஐந்திலிருந்து ஒன்பது வரை வெறும் பேச்சு, அதற்கே வந்து குவிந்தார்கள். பிரெஞ்சு அகாதெமியில் யார் இடம்பிடிப்பது என்பது அந்த அறையில் பேசி முடிவாகும் என்பார்கள். அந்த அகாதெமி ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்க 1980 ஆயிற்று.

தலாம்பேர் மாலையில் ழூலியுடனும் காலையில் ழோஃப்ரேன் அம்மாளுடனும் இருப்பார். 1776 மே மாதம் ழூலி இறந்தார். அதே வருடம் ழோஃப்ரேன் அம்மாள் பக்கவாதத்தில் விழுந்தார். இந்தத் தத்துவக்காரர்களைக் கண்டாலே ஆகாத மகள், அவர்களைப் படுக்கையருகே விடாமல் கதவை அடைத்தார். அடுத்த வருடம் அம்மாளும் போய்விட்டார். இனி எனக்குக் காலையும் இல்லை, மாலையும் இல்லை என்று எழுதினார் தலாம்பேர். ஐரோப்பா முழுக்கப் பெயர் பெற்ற கணித மேதை. பிறந்தவுடன் ஒரு மாதா கோயில் படிக்கட்டில் விடப்பட்டு, கண்ணாடி பதிப்பவரின் மனைவியால் வளர்க்கப்பட்டவர். அந்த வளர்ப்புத் தாய் வீட்டிலேயே ஐம்பது வயதை நெருங்கும்வரை இருந்தவர். வீடு என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

நீங்கள் கேட்ட புத்தகப் பட்டியலை நான் தரப்போவதில்லை. எதையாவது படியுங்கள், எல்லாம் ஒன்றுதான். கிழமையை முடிவு செய்யுங்கள். யார் வீடு, அந்த வீட்டில் இருப்பவர்களை யார் கேட்டது, அவர்களும் உட்கார நாற்காலி உண்டா, டம்ளரை யார் கழுவுவது, இதையெல்லாம் பேசி முடித்த பிறகு எனக்கு எழுதுங்கள். திருச்சியிலிருந்து ஈரோட்டுக்கு நேர் ரயில் இருக்கிறது.

அன்புடன்