ஓடையை ஒட்டிய மனை: முன்பணம் கொடுக்கும் முன்

கேள்வி: செங்கல்பட்டு அருகே 5 சென்ட் மனை பார்த்திருக்கிறோம். பின்பக்கம் ஓர் ஓடை. "இருபது வருஷமா தண்ணியே வரல" என்கிறார் விற்பவர். பட்டாவும் வில்லங்கச் சான்றும் சுத்தமாக இருக்கின்றன. வாங்கலாமா?

பதில்: இந்த இரண்டு தாள்களை மட்டும் நம்பி வாங்காதீர்கள். வில்லங்கச் சான்றில் பதிவான கிரயம், அடமானம் போன்றவை தெரியும். நிலம் எந்த வகையைச் சேர்ந்தது என்பது தெரியாது. அதற்கு அ-பதிவேட்டையும் (ஒவ்வொரு சர்வே எண்ணும் எந்த வகை நிலம் என்று சொல்லும் கிராமப் பதிவேடு) புலப்படத்தையும் (அந்த எண்ணின் எல்லை அளவுகளைக் காட்டும் வரைபடம்) பார்க்க வேண்டும். இரண்டும் வருவாய்த் துறையின் இணைய சேவைத் தளத்தில் கிடைக்கின்றன. உங்கள் சர்வே எண்ணோடு, அதைச் சுற்றியுள்ள எல்லா எண்களுக்கும் எடுத்துப் பாருங்கள். 'ஓடை', 'வாய்க்கால்', 'குட்டை', 'ஏரி' என்று புறம்போக்காகப் பதிவாகியிருந்தால், அங்கே தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்பது கணக்கே இல்லை. புலப்படத்தில் உள்ள அகலம் முழுதும் ஓடைக்கே சொந்தம்.

அடுத்தது அளவு. பழைய புலப்படங்களில் அளவுகள் லிங்க் கணக்கில் இருக்கும். ஒரு லிங்க் சுமார் 20 செ.மீ. படத்தில் 30 லிங்க் அகலம் என்றால் ஓடை 6 மீட்டர். நேரில் போய்ப் பார்த்தால் 2 மீட்டர்தான் இருக்கும். மீதி 4 மீட்டர் யாருடைய வேலிக்குள் போயிற்று என்பதுதான் உங்கள் கேள்வியாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் கரையிலிருந்து அளக்காதீர்கள். அளவைக் கட்டணம் கட்டி, சர்வேயரைக் கொண்டு எல்லைக் கல்லிலிருந்து அளந்து வாங்குங்கள். மனைப்பிரிவு வரைபடத்தில் 'பாதை' என்று காட்டியிருப்பது புலப்படத்தில் வாய்க்காலாக இருக்கிறதா என்பதையும் ஒத்துப்பாருங்கள்.

பட்டாவே தவறாக இருக்கவும் வாய்ப்புண்டு. 1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். பணியின்போது சில புறம்போக்குகள் தனியார் பெயரில் ஏறிவிட்டன. சந்தேகம் இருந்தால் அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். குளமாகப் பதிவான நிலம் வறண்டு மேடாகிவிட்டது என்று சொல்லி வீட்டுமனையாக ஒதுக்கியதை உச்ச நீதிமன்றம் 2001-இல் ஓர் உத்தரப் பிரதேச வழக்கில் ஏற்கவில்லை. அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டுத் திட்டத்திலும் நீர்நிலையில் விழும் மனைகளுக்கு இடமில்லை.

இன்னொன்று. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்றின் பேரில் இணையத்தில் உடனே அனுமதி கிடைக்கிறது. உங்கள் 5 சென்ட் என்பது 2,178 சதுர அடி. அந்த வரம்புக்குள் வந்துவிடும். இந்த முறையில் முன்கூட்டியே யாரும் இடத்தைப் பார்ப்பதில்லை. அனுமதி கைக்கு வந்துவிட்டது என்பதால் ஓடைச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சான்று அளித்தவர் நீங்கள். தவறு தெரியவந்தால் பொறுப்பும் உங்களுடையதே.

கேள்வி: எங்கள் மனைப்பிரிவுக்கு நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கிறார்கள். விண்ணப்பம் இரண்டு முறை திரும்பிவிட்டது. எதைப் பார்க்கிறார்கள்?

பதில்: முக்கியமாக மூன்று விஷயங்கள். உங்கள் இடம் வெள்ளத்தில் மூழ்குமா, மூழ்காமல் இருக்க எவ்வளவு உயர்த்த வேண்டும், அப்படி உயர்த்தினால் தண்ணீர் யார் வீட்டுக்குப் போகும். இதைச் சொல்ல அவர்களுக்கு மட்டங்கள், அதாவது இடத்தின் உயர அளவுகள், வேண்டும். விண்ணப்பம் திரும்புவதற்கு நாங்கள் அதிகம் காணும் காரணமும் இதுதான்: அளவை எடுத்தவர் ஏதோ ஒரு கல்லை 100.00 என்று தானே வைத்துக்கொண்டு மட்டம் எடுத்திருப்பார். அதை ஏரியின் முழு நீர்மட்டத்தோடோ வாய்க்காலின் அடிமட்டத்தோடோ ஒப்பிடவே முடியாது. கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்ட மட்டங்களைக் கொடுங்கள். மனைக்குள் மட்டும் எடுத்தால் போதாது; வாய்க்காலின் அடிமட்டம், இரு கரை, மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் உள்ள சிறுபாலங்களின் அடிமட்டம், பக்கத்துச் சாலை ஆகியவையும் வேண்டும். இந்த மட்டங்களைக் குறித்த வரைபடத்தின்மேல் புலப்படத்தை அதே அளவில் பொருத்திக் காட்டுங்கள்.

சான்று நிபந்தனைகளோடு வரும். சொன்ன மட்டத்துக்கு நிரப்புவது, வாய்க்கால் அகலத்தில் கை வைக்காதது, மழைநீரைச் சொந்த வடிகால் வழியே கொண்டுபோய் விடுவது ஆகியவை அநேகமாக எல்லாச் சான்றிலும் இருக்கும். வடிகால் கட்டாமல் மண்ணை மட்டும் நிரப்புவதுதான் வழக்கமாக நடக்கும் பெரும் தவறு. முதல் வடகிழக்குப் பருவமழையிலேயே அண்டை வீட்டார் முழங்கால் தண்ணீரில் நிற்பார்கள்.

கேள்வி: வீட்டுக்குப் போக வாய்க்காலில் இரண்டு சிமென்ட் குழாய் போட்டு மண் மூடிக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. கணக்கைப் பாருங்கள். 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழமுள்ள வாய்க்காலில் நீர் போகும் பரப்பு 2 சதுர மீட்டர். 60 செ.மீ. குழாய் இரண்டு போட்டால் கிடைப்பது சுமார் 0.57 சதுர மீட்டர். நாலில் மூன்று பங்கு வழி அடைபட்டுப் போகிறது. ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் வந்து சிக்கினால் மீதியும் போய்விடும். நீர்வளத் துறையிடம் தனியாக விண்ணப்பித்து, அடியகலம் முழுவதையும் விட்டு, நடுவில் தூண் இல்லாத பலகைப் பாலமோ பெட்டிப் பாலமோ கட்டுங்கள். பெட்டிப் பாலமானால், தண்ணீர் ஓடும் அதன் அடித்தளம் வாய்க்காலின் அடிமட்டத்துக்கு மேலே வந்துவிடக் கூடாது. துறை விதிக்கும் குத்தகை வாடகையையும் கட்ட வேண்டும்.

கேள்வி: ஈரநிலத்திலிருந்து 50 மீட்டருக்குள் கட்டக் கூடாது என்கிறார்களே, எங்கள் ஊர் ஏரிக்கும் இது பொருந்துமா?

பதில்: பெரும்பாலும் பொருந்தாது; ஆனால் அதனால் ஏரிக்குப் பாதுகாப்பே இல்லை என்று ஆகிவிடாது. 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் ராம்சார் பட்டியலில் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியல்) உள்ள இடங்களுக்கும், தனியாக அறிவிக்கை செய்யப்பட்ட ஈரநிலங்களுக்கும் உரியவை. பாசனத்துக்காக மனிதர் வெட்டிய ஏரிகளை அந்த விதிகளின் பொது வரையறை விலக்கிவிடுகிறது. 50 மீட்டரும் கரையிலிருந்து கணக்கிடுவதில்லை: விதிகள் வருவதற்கு முந்தைய பத்தாண்டுகளின் சராசரி உச்ச வெள்ள மட்டத்திலிருந்து கணக்கிடுவது. அதற்குள் படகுத்துறை தவிர வேறு நிரந்தரக் கட்டுமானம் கூடாது.

உங்கள் ஊர் ஏரியைக் காப்பவை வேறு சட்டங்கள்: பொதுப்பணித் துறை (இப்போது நீர்வளத் துறை) ஏரிகளுக்கு 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம், புறம்போக்கு முழுவதற்கும் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம். இவற்றில் 50 மீட்டர் பேச்சே இல்லை. ஏரிப் புறம்போக்கில் ஓர் அடி நுழைந்தாலும் ஆக்கிரமிப்புதான்.

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் பக்கம் வாங்குகிறவர்கள் மட்டும் கூடுதலாகக் கவனியுங்கள். 2022-இல் அது ராம்சார் இடமானது. அந்த எல்லைக்குள்ளும் எல்லையிலிருந்து 1 கி.மீ. வரையிலும், அதன் தாக்க மண்டலம் (சதுப்புநிலத்தைப் பாதிக்கக்கூடிய சுற்றுப்பகுதி) ஆய்வு செய்யப்படும்வரை திட்ட அனுமதி தரக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2025 செப்டம்பரில் உத்தரவிட்டது. இப்போதைய நிலையைச் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம் (சி.எம்.டி.ஏ.) சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.

கேள்வி: ஏரி வண்டலை இலவசமாக எடுத்து மனையை மேடாக்கலாமா?

பதில்: முடியாது. அந்தச் சலுகை விவசாயத்துக்கும் மண்பாண்டத் தொழிலுக்கும் உரியது. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 என்று அளவும் உண்டு. தவிர, வண்டல் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். அதன்மேல் எழுப்பிய சுவரில் விரிசல் விழும். முறையான அனுமதிச் சீட்டோடு வரும் கிராவலை வாங்கி, 20 செ.மீ. அடுக்கு அடுக்காகத் தண்ணீர் விட்டு உருளை ஓட்டி நிரப்புங்கள்.