ராஜாவே பிடிபட்டால்?

கே: சதுரங்கத்தில் ராஜா மாட்டினால் ஆட்டம் முடிந்தது. நிஜப் போரில் எந்த ராஜாவாவது எதிரி கையில் உயிரோடு மாட்டியிருக்கிறாரா?

ப: மாட்டியிருக்கிறார்கள். பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா மாட்டியது அவரே தேடிக்கொண்டது. வட இத்தாலியில் பாவியா நகரை 1524 அக்டோபரிலிருந்து முற்றுகையிட்டு, பக்கத்தில் மதில் சூழ்ந்த வேட்டைக்காட்டில் பாளையம் இறக்கியிருந்தார். எதிரி, ஸ்பெயினையும் ஆண்ட பேரரசர் ஐந்தாம் சார்லஸ். அவருடைய படைக்கோ சம்பளம் பாக்கி, சீக்கிரம் மோதாவிட்டால் ஆட்கள் கலைந்துவிடுவார்கள் என்ற நிலை. 1525 பிப்ரவரி 23 ராத்திரி அவர்கள் மதிலை இடித்து உள்ளே நுழைந்தார்கள். விடிந்ததும் பிரெஞ்சு பீரங்கிகள் நன்றாகத்தான் சுட்டன, ஆனால் ராஜாவுக்குப் பொறுமை இல்லை, குதிரைப்படையோடு பாய்ந்து தன் பீரங்கிகளுக்கு முன்னாலேயே போய் நின்றுவிட்டார். அப்புறம் எப்படிச் சுடுவது? பீரங்கிகள் ஓய்ந்தன. ஸ்பானியத் துப்பாக்கிக்காரர்கள் மரங்களின் மறைவிலிருந்து கவசம் போட்ட பிரபுக்களை ஒவ்வொருவராகச் சாய்த்தார்கள். ராஜாவின் குதிரையும் விழுந்தது, ஆள் பிடிபட்டார். ஜெயித்த சார்லஸ் களத்திலேயே இல்லை, ஸ்பெயினில் இருந்தார். அன்று அவருக்கு 25வது பிறந்தநாள் வேறு!

கே: சரி, பிடித்த ராஜாவை என்ன செய்தார்கள்?

ப: மாட்ரிட்டில் அடைத்து வைத்து, பிரான்சின் பர்கண்டிப் பகுதியைக் கொடுத்துவிடுகிறேன் என்று 1526 ஜனவரியில் கையெழுத்து வாங்கினார்கள். வாக்கைக் காப்பாற்றுவார் என்பதற்குப் பிணையாக அவருடைய மகன்கள் இருவரைக் கேட்டார்கள், மூத்தவனுக்கு 8 வயது, இளையவனுக்கு 7 கூட ஆகவில்லை. மார்ச்சில் எல்லையிலுள்ள பிடசோவா ஆற்றின் நடுவே கைமாற்றம் நடந்தது. அப்பா பிரான்சுப் பக்கம் போக, பிள்ளைகள் ஸ்பெயின் பக்கம் போனார்கள். கரை ஏறியவர், மிரட்டி வாங்கிய கையெழுத்து செல்லாது என்று கைவிரித்தார். பர்கண்டிக்காரர்களுக்கும் சார்லஸிடம் போக விருப்பமில்லைதான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் பிள்ளைகள்? நாலு வருஷம் காவலில் கிடந்தார்கள். கடைசியில் பிரான்சுவாவின் தாயும் சார்லஸின் அத்தையும் 1529இல் காம்ப்ரே நகரில் உட்கார்ந்து பேசி, 20 லட்சம் எக்யூ (பிரெஞ்சுத் தங்கக் காசு) மீட்புத்தொகை என்று முடித்தார்கள், 1530 ஜூலையில்தான் பையன்கள் வீடு திரும்பினார்கள். அந்த இளையவன்தான் பிற்பாடு மன்னர் இரண்டாம் ஹென்றி. சிறைபட்டது மறக்குமா? 1552இல் அதே சார்லஸுக்கு எதிராகப் படையெடுத்து மெட்ஸ் நகரைப் பிடித்துக்கொண்டார்.