வசனத்தை எடுத்தால் போதுமா?

"அன்புள்ள ஐயா, சினிமாவில் ஆறு வருடமாக உதவி இயக்குநர். இப்போது ஒரு மெகா தொடருக்கு எபிசோட் டைரக்டராகக் கூப்பிடுகிறார்கள். போனால் சினிமாக் கதவு சாத்திவிடுமா? சீரியலில் டைரக்‌ஷன் என்று என்ன இருக்கிறது, வசனத்தை எடுத்தால் போதும் என்று நண்பர்கள் சிரிக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. பெயரை மாற்றிக்கொண்டு போகலாமா? – பெயர் வேண்டாம், வடபழனி."

அன்புள்ள தம்பி,

கதவெல்லாம் சாத்தாது. திருமுருகன் 2002-இல் 'மெட்டி ஒலி' தொடரைத் தொடங்கி, 2006-இல் 'எம் மகன்' படம் எடுத்து, 2010-இல் 'நாதஸ்வரம்' தொடருக்குத் திரும்பினார். 'மர்மதேசம்' தொடர் எடுத்த நாகா 'ஆனந்தபுரத்து வீடு' படம் எடுத்தார். பாலசந்தர் சினிமாவில் எல்லாம் பார்த்த பிறகுதான் சின்னத்திரைக்கே வந்தார். ஆறு வருடம் கிளாப் அடித்துவிட்டு வீட்டு வாடகையை யோசிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. போங்கள்.

ஆனால் அந்த 'வசனத்தை எடுத்தால் போதும்' இருக்கிறதே, அதை நண்பர்கள் சொன்னால் மன்னிக்கலாம். ஆறு வருடம் செட்டில் நின்ற நீங்களும் தலையாட்டுவதுதான் எரிச்சல்.

வளசரவாக்கத்துப் பக்கம் ஒரு ஷூட்டிங் வீடு. ஹாலில் ஆறு பேர், நான்கு பக்க வசனம். பேப்பர் காலையில்தான் வாட்ஸ்அப்பில் வரும். இரவுக்குள் ஏறக்குறைய ஒரு எபிசோட், அதாவது விளம்பரம் போக இருபது நிமிடச் சொச்சம், கையில் இருக்க வேண்டும். பேப்பரில் உள்ள வரிசைப்படி மாமியார் ஒரு வரி, மருமகள் ஒரு வரி என்று எடுத்தால் ஒவ்வொரு தடவையும் லைட்டைத் திருப்ப வேண்டும். ஒரு திருப்பலுக்கு அரை மணி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு திருப்பலில் சாப்பாட்டு நேரம் வந்துவிடும், காட்சி பாதிகூடத் தேறியிருக்காது. மாஸ்டர், அதாவது எல்லோரும் தெரிகிற அகல ஷாட், முடிந்ததும் பூஜையறைப் பக்கம் பார்க்கிற ஷாட் அத்தனையையும், அதே புடவையில் பின்னால் வரும் காட்சியினுடையதையும் சேர்த்து, ஒரே மூச்சில் எடுத்துவிட வேண்டும். அப்புறம்தான் மறுபக்கம்.

சறுக்குவது இங்கேதான். மருமகளுக்கு ஆறு மணிக்கு வேறு இடத்தில் கால்ஷீட், கிளம்பிவிடுவார். மாமியார் குளோஸ்-அப்புக்கு எதிரே நிற்பது உங்கள் உதவியாளர். அவர் அரையடி குள்ளமென்றால் மாமியார் மருமகளின் கழுத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருப்பார். ஆப்பிள் பாக்ஸ் என்கிற மரப்பெட்டியில் அவரை ஏற்றி நிறுத்துங்கள். மருமகள் கேமராவுக்கு இடப்பக்கம் பார்த்திருந்தால் மாமியார் வலப்பக்கம் பார்க்க வேண்டும். இருவருக்கும் நடுவே ஒரு கற்பனைக் கோடு உண்டு, கேமரா அதைத் தாண்டிவிட்டால் இருவரும் யாரோ மூன்றாவது ஆளிடம் பேசுவதுபோல் இருக்கும். மருமகள் கிளம்புமுன் ஒரு போட்டோ: டம்ளர் எந்தக் கையில், காபி எதுவரை, முந்தானை இடுப்பில் செருகியிருந்ததா இல்லையா. நாலு நாள் கழித்துப் பேட்ச், அதாவது விட்டுப்போன ஷாட், எடுக்கும்போது ஞாபகத்தை நம்பினால் கெட்டது குடி. ஆளுக்குப் பத்து விநாடி வசனமில்லாத ரியாக்‌ஷனும் எடுத்து வையுங்கள், எடிட்டர் வாழ்த்துவார். இத்தனையையும் பேப்பர் வந்த பத்தாவது நிமிடம் முடிவு செய்தாக வேண்டும். உங்கள் நண்பர்களில் எத்தனை பேரால் முடியும்?

பெயர் மாற்றம் உங்கள் இஷ்டம், எண்கணிதக்காரரைக் கேளுங்கள். என்னைக் கேட்டிருக்க வேண்டியது வேறொன்று. சம்பளம் எடுத்த எபிசோடுக்கா, ஒளிபரப்பான எபிசோடுக்கா? தொடரைத் திடீரென்று நிறுத்தினால் பேங்கில், அதாவது எடுத்தும் ஒளிபரப்பாமல், கிடக்கும் எபிசோடுகளுக்கு யார் பணம் தருவார்கள்? சேருமுன் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.