சிங்கப்பூர்ல எஸ் பாஸ்ல இருக்கேன், ஷேர் வாங்க எந்த புரோக்கர்கிட்ட கணக்கு தொடங்குறது?

கேள்வி: அண்ணே வணக்கம். சிங்கப்பூர் துவாஸ்ல ஒரு கம்பெனியில எஸ் பாஸ்ல, அதாவது வெளிநாட்டுக்காரங்களுக்கான வேலை அனுமதியில, வேலை பார்க்கிறேன், குடும்பம் புதுக்கோட்டையில. ஊருக்கு அனுப்பினது போக மாசம் 500, 600 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) மிஞ்சுது, பேங்க்ல சும்மா கிடக்குறதுக்கு ஷேர்ல போடலாம்னு பார்க்கிறேன். எந்த ஷேர் புரோக்கர்னு ரூம்ல கேட்டா ஒருத்தர் டைகர்ங்கிறார், ஒருத்தர் மூமூல சேர்ந்தா இலவசமா ஷேர் தர்றாங்கங்கிறார், இன்னொருத்தர் இன்டராக்டிவ் புரோக்கர்ஸ்தான் பாதுகாப்புங்கிறார், வேலை இடத்துல பெரியவர் ஒருத்தர் சிடிபி கணக்கு (சிங்கப்பூர் ஷேர்களை வைக்கிற மத்திய வைப்பகக் கணக்கு) இல்லாம ஷேர் பக்கமே போகாதேன்னுட்டார். பிஆர் (நிரந்தரவாசம்) கிடைக்குமான்னு தெரியல, எப்ப வேணா ஊருக்குக் கிளம்ப வேண்டி வரலாம். எதுல தொடங்குறது?
— வாசகர், பூன் லே

பதில்: தம்பி, நீங்க கடைசியில எழுதின வரிதான் முக்கியம், எப்ப வேணா கிளம்ப வேண்டி வரலாம்னு சொன்னீங்க பாருங்க, அது. இங்கேயே பிறந்து வளர்ந்தவருக்குச் சொல்ற பதிலை உங்களுக்குச் சொல்ல முடியாது. அவர் கமிஷன் எங்க கம்மின்னு பார்த்துட்டு சேர்ந்துடலாம். நீங்க அதுக்கு முன்னாடி பார்க்க வேண்டியது, ஷேர் யார் பேர்ல இருக்கு, எந்த நாட்டு வரிச் சட்டத்துக்குக் கீழ வருது, பாஸ் கேன்சல் ஆனப்புறமும் அதைத் தொட முடியுமா, உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா அது வீட்டுல கைக்குப் போய்ச் சேருமா. இலவச ஷேரை எல்லாம் மறந்துடுங்க, அதுக்காக ஒரு இடத்தைத் தேர்ந்தெடுக்கவே கூடாது.

நீங்க சொன்ன மூணுமே சிங்கப்பூர் நாணய ஆணையத்தோட உரிமம் உள்ளவங்கதான். வாடிக்கையாளர் பணத்தையும் ஷேரையும் கம்பெனி சொந்தப் பணத்தோட கலக்காம தனியா வைக்கணும்னு சட்டம் இருக்கு. அதனால பேரைப் பார்த்து பயப்பட வேண்டாம். ஆனா ஒண்ணு, பேங்க் டெபாசிட்டுக்கு 1,00,000 வெள்ளி வரைக்கும் இருக்கிற காப்புறுதி ஷேருக்குக் கிடையாது, அதை அதோட குழப்பிக்காதீங்க. கணக்கு தொடங்கும்போது கேஷ் அக்கவுண்டா மார்ஜின் அக்கவுண்டான்னு பார்த்து கேஷையே எடுங்க, மார்ஜின்னா கடன், சில ஆப்ல கண்ணை மூடிட்டு ஓகே ஓகேன்னு தட்டிக்கிட்டே போனா அதுலதான் போய் நிப்பீங்க.

அந்தப் பெரியவர் சொன்னதுல நியாயம் இருக்கு. சிடிபின்னா சிங்கப்பூர் ஷேர் உங்க சொந்தப் பேர்லயே இருக்கும், கம்பெனி லாபத்துல பிரிச்சுத் தர்ற டிவிடெண்ட் நேரா உங்க பேங்குக்கு வரும், புரோக்கர் மாறினாலும் ஷேர் இருந்த இடத்துலயே இருக்கும். மத்த ஆப்கள்ல புரோக்கர்தான் உங்களுக்காக வச்சிருப்பார். வெளிநாட்டுக்காரங்களும் சிடிபி தொடங்கலாம், 18 வயசும் இங்க ஒரு பேங்க் கணக்கும் இருந்தா போதும். ஆனா சிடிபிக்குப் போற ஷேரை வாங்க பேங்க் புரோக்கர்கள்கிட்ட குறைந்தபட்சக் கமிஷனே 25 வெள்ளி வரைக்கும் வரும், 500 வெள்ளிக்கு வாங்குற உங்களுக்கு அது 5 சதவீதம், வாங்குற அன்னைக்கே நஷ்டம். ஆப்ல அதே வேலை ரெண்டு மூணு வெள்ளியில முடியும். அதனால மாசா மாசம் சின்னத் தொகைக்கு ஆப், நாலஞ்சு மாசம் சேர்த்து மொத்தமா வாங்குறதா இருந்தா சிடிபி. எப்படியும் சிடிபி ஒண்ணு தொடங்கி வைங்க, சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம் வாங்க அது வேணும், அதுல 500 வெள்ளியிலேயே ஆரம்பிக்கலாம், போட்ட முதல் குறையாது. அவசரத்துக்கு வேண்டிய பணத்தை அங்க வச்சுட்டு மிச்சத்தை மட்டும் ஷேருக்குக் கொண்டு வாங்க.

இப்ப அமெரிக்க ஷேர். ரூம்ல எல்லாரும் அதைத்தான் வாங்குறாங்கன்னு எனக்குத் தெரியும், ஆனா இதை யாரும் சொல்லித் தர்றதில்ல. கணக்கு தொடங்கும்போது டபிள்யூ-8 பென்னுன்னு ஒரு ஃபார்ம் கேட்பாங்க, நான் அமெரிக்கக்காரன் இல்லன்னு எழுதிக் கொடுக்கிறது. அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் வருமான வரி ஒப்பந்தம் கிடையாது, அதனால இங்க குடியிருக்கிற நீங்க 100 டாலர் டிவிடெண்ட் வந்தா 30 டாலரை அங்கேயே பிடிச்சுட்டு 70தான் வாங்குவீங்க. வித்த லாபத்துக்கு அமெரிக்கா வரி கேட்காது, சிங்கப்பூரும் கேட்காது. சரி, இது பொறுத்துக்கலாம். பொறுத்துக்க முடியாதது எஸ்டேட் டாக்ஸ், இறந்தவர் விட்டுட்டுப் போற சொத்து மேல போடுற வரி. அமெரிக்கக் குடிமகனோ அங்க குடியிருக்கிறவரோ இல்லாத ஒருத்தர் இறந்துட்டா அவர் பேர்ல இருக்கிற அமெரிக்கச் சொத்துல 60,000 டாலருக்கு மட்டும்தான் விலக்கு, அதுக்கு மேல 26 சதவீதத்துல தொடங்கி 40 வரைக்கும் போகும். 1,00,000 டாலருக்கு ஷேர் இருந்தா ஏறக்குறைய 10,800 டாலர் வரி. நீங்க சிங்கப்பூர் புரோக்கர் மூலமா வாங்கியிருந்தாலும் அது அமெரிக்கச் சொத்துதான். பணத்தை விட அந்த அலைச்சல்தான் எனக்குக் கவலை, புதுக்கோட்டையில இருக்கிற ஒரு பொண்ணு அமெரிக்க வரி இலாகாவுக்கு 706-என்ஏ ஃபார்ம் போட்டு, அவங்க சர்டிபிகேட் கொடுத்து, அதைக் காட்டி புரோக்கர்கிட்ட ஷேரைக் கேட்கணும். யாரு அவங்களுக்குத் துணைக்கு வருவா?

இதுக்கு வழி இருக்கு. அதே அமெரிக்கக் கம்பெனிகளை அயர்லாந்துல பதிவான இடிஎஃப் (பல கம்பெனி ஷேரை ஒண்ணாச் சேர்த்து, ஷேர் மாதிரியே சந்தையில விக்கிற ஃபண்டு) மூலமா வாங்கலாம், லண்டன் சந்தையில டாலர்லயே கிடைக்குது. அயர்லாந்துக்கு அமெரிக்காவோட ஒப்பந்தம் இருக்கிறதால டிவிடெண்ட்ல 30க்குப் பதிலா 15தான் போகும், அதுவும் ஃபண்டுக்குள்ளேயே கழிஞ்சுடும், அமெரிக்க எஸ்டேட் டாக்ஸும் வராது. உங்ககிட்ட இன்னும் 60,000 டாலர் சேரலையேன்னு நினைக்காதீங்க, சேர்ந்தப்புறம் மாத்துறதை விட முதல் மாசத்துலேயே சரியா போடுறது சுலபம். அதனால புரோக்கர்கிட்ட கேட்க வேண்டிய முதல் கேள்வியே லண்டன் சந்தை இருக்கா, அதுக்கு என்ன கட்டணம்ங்கிறதுதான். இன்டராக்டிவ் புரோக்கர்ஸ், சாக்ஸோங்கிற இன்னொரு புரோக்கர், ரெண்டுலயும் இருக்கு. வெள்ளியை டாலரா மாத்துற ரேட்டையும் பாருங்க, கமிஷன் இல்லன்னு சொல்ற இடத்துல அரை சதவீதம் ரேட்ல போனா 1,000 வெள்ளிக்கு 5 வெள்ளி போயிடுச்சு, கண்ணுக்கே தெரியாது.

கிளம்புற விஷயம். நீங்க கிளம்பும்போது கம்பெனி உங்க வரிக் கணக்கை முடிக்க ஐஆர்21 ஃபார்ம் போடும், சம்பளத்தை வரிக்காக நிறுத்தி வைப்பாங்க, அந்த ஓட்டத்துல ஷேர் கணக்கு யாருக்கும் ஞாபகம் வராது. சிம்மை ரத்து பண்ணிட்டு ஊருக்குப் போயிட்டா ஓடிபி வர்றதுக்கு நம்பர் இல்ல, பேங்க் கணக்கை மூடிட்டா வித்த பணம் வர இடமில்ல. அதனால சேர்றதுக்கு முன்னாடியே புரோக்கருக்கு ஒரு மெயில் போடுங்க, நான் இந்தியாவுக்கு முகவரி மாத்தினா கணக்கு தொடருமா, விக்க மட்டும் விடுவீங்களா, மூடச் சொல்வீங்களான்னு. பதிலை எழுத்துல வாங்கி வைங்க. பதில் தெளிவா வராத இடம் உங்களுக்கு வேண்டாம். பெரும்பாலும் நாமினி போடுற வசதி இங்க புரோக்கர் கணக்குல இருக்காது, ஒரு உயில் எழுதிடுங்க, எந்தெந்தக் கணக்கு எங்க இருக்குன்னு ஒரு தாள்ல எழுதி வீட்டுல கொடுங்க.

இந்தியச் சட்டப்படி வெளிநாட்டுல இருந்தப்ப சம்பாதிச்சு வாங்கின ஷேரை திரும்பிப் போனப்புறமும் வச்சுக்கலாம், தப்பில்ல. ஆனா இந்திய வரிச் சட்டப்படி முழு ரெசிடென்ட் (அங்கேயே வசிக்கிறவர்) ஆனப்புறம் வருமான வரித் தாக்கல்ல வெளிநாட்டுச் சொத்துப் பட்டியல்ல காட்டியே ஆகணும், வீடு, நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்கு மேல வச்சிருந்து காட்டாதவங்களுக்கு 2015 கருப்புப் பணச் சட்டத்துல 10 லட்சம் ரூபாய் அபராதம் இருக்கு. ஊர்ல பழைய டிமேட் (ஷேர் வைக்கிற கணக்கு) ஏதாவது ரெசிடென்ட் கணக்காவே ஓடிட்டிருந்தா அதை உடனே என்ஆர்ஓவா, அதாவது வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கா, மாத்திடுங்க, இங்க இருந்துக்கிட்டு அதுல டிரேட் பண்றது சட்டப்படி தப்பு.

என் முடிவைக் கேட்டா, லண்டன் சந்தை உள்ள ஒரு புரோக்கர், அயர்லாந்து இடிஎஃப் ஒண்ணு, கூடவே ஒரு சிடிபி. அதுக்கு மேல கணக்கு வேண்டாம்.

கேள்வி: சார், நான் வீட்டுக்காரரோட வேலை பாஸை வச்சு, டிபெண்டன்ட் பாஸ்ல (குடும்பத்தாருக்கான அனுமதி) சிங்கப்பூர்ல இருக்கேன். டெலிகிராம் குரூப்ல சிங்கப்பூர் புரோக்கர்னு ஒருத்தர் சொன்னதை நம்பி 2,000 வெள்ளி போட்டேன், ஆப்ல 3,100 காட்டுது. எடுக்கப் போனா லாபத்துக்கு டாக்ஸ் 400 வெள்ளி முதல்ல கட்டுங்கங்கிறாங்க. கட்டலாமா?
— வாசகி, செங்காங்

பதில்: கட்டாதீங்கம்மா. ஷேர்ல முதலீடு பண்ற தனிநபரோட லாபத்துக்கு சிங்கப்பூர்ல வரியே கிடையாது, உங்க பணத்தை எடுக்க உங்ககிட்டயே பணம் கேட்கிற புரோக்கரும் கிடையாது. நீங்க அனுப்பின கணக்கு யார் பேர்ல இருக்குன்னு பாருங்க, தனி ஆள் பேரா இருந்தா சந்தேகமே வேண்டாம், ஏமாத்துதான். ஸ்கிரீன்ல காட்டுற 3,100 வெறும் நம்பர். இப்பவே பேங்குக்கு ஃபோன் பண்ணி அந்தப் பரிமாற்றத்தைச் சொல்லுங்க, போலீஸ்ல புகார் கொடுங்க, என்ன பண்றதுன்னு குழப்பமா இருந்தா 1799க்கு கூப்பிட்டா மோசடித் தடுப்பு உதவி கிடைக்கும். குரூப்ல சண்டை போடாதீங்க, ஸ்கிரீன்ஷாட் எல்லாத்தையும் எடுத்து வச்சுக்கிட்டு வெளியே வாங்க, அதுக்கப்புறம் பணத்தை மீட்டுத் தர்றேன்னு யாராவது தானா வந்து பேசினா அவங்களையும் நம்பாதீங்க. வீட்டுக்காரர்கிட்ட இன்னைக்கே சொல்லிடுங்க. டிபெண்டன்ட் பாஸ்ல இருந்தாலும் உங்க ஃபின் நம்பர் (வெளிநாட்டுக்காரங்களுக்கான அடையாள எண்), சிங்பாஸ் (அரசாங்க இணைய அடையாளக் கணக்கு) வச்சு உரிமம் உள்ள இடத்துல கணக்குக்கு விண்ணப்பிக்கலாம், நாணய ஆணையத்தோட நிதி நிறுவனப் பட்டியல்ல அந்தப் பேர் அப்படியே இருக்கான்னு ஒரு எழுத்து விடாம பார்த்துட்டு, அங்க கொடுத்திருக்கிற இணைய முகவரி வழியா மட்டும் உள்ள போங்க.