ஒரே எரிமலை கறுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் தருமா?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறோம். மகள் பாடசாலைக் கண்காட்சிக்கு எரிமலை மாதிரி செய்கிறாள். நிலாவெளிக் கடற்கரையில் பொறுக்கிய இரண்டு கற்களையும் பக்கத்தில் வைக்கப் போகிறாளாம். ஒன்று கறுப்பு, ஓட்டை ஓட்டையாக, பாரமானது. மற்றது சாம்பல் வெள்ளை, தண்ணீரில் மிதக்கிறது. ஒரே எரிமலையின் கற்கள் என்று எழுதலாமா? கன்னியா வெந்நீரூற்றுக்கு அடியிலும் எரிமலை இருக்கிறதா?

பதில்: கன்னியாவை முதலில் முடித்துவிடுவோம். அங்கே எரிமலை இல்லை. நிலத்தடி நீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, பூமியின் இயல்பான சூட்டில் காய்ந்து மேலே வருகிறது, அவ்வளவுதான்.

கற்களுக்கு வருவோம். ஒரே எரிமலை இரண்டு நிறத்தையும் கக்கும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆழத்திலிருந்து ஏறும் பாறைக்குழம்பு பெரும்பாலும் பசால்ட் வகை: சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) 50 சதவீதம் அளவில், சூடு 1100 முதல் 1200 பாகை செல்சியஸ். நேரே வெளியே வந்தால் இளக்கமாக ஓடிக் கறுப்பாக உறையும். வழியில் சில கிலோமீற்றர் ஆழத்தில் தங்கிவிட்டால்தான் குணம் மாறுகிறது. நிலாவெளி உப்பளத்தை நினைத்துப் பாருங்கள். கடல்நீர் வற்ற வற்ற ஜிப்சம் படியும், அப்புறம் உப்பு. கடைசியில் மிஞ்சும் நீர் மக்னீசியம் ஏறிக் கசக்கும். அங்கே வெயில் செய்வதை இங்கே குளிர்ச்சி செய்கிறது. ஒலிவின், பைரொக்சீன் போன்ற பளிங்குகள் முதலில் பிரிந்து, மக்னீசியத்தையும் இரும்பையும் எடுத்துக்கொண்டு பின்தங்கிவிடும். மீதிக் குழம்பில் சிலிக்கா கூடுகிறது, கரைந்திருக்கும் நீரும் கூடுகிறது. சிலிக்கா 70 சதவீதத்தைத் தாண்டினால் அது ரயோலைட். சூடு குறைவு, ஆனால் பசால்ட்டைவிடப் பல இலட்சம் மடங்கு இறுக்கம். மேலே வரும்போது வாயு தப்ப முடியாமல் நுரைத்து வெடிக்கும். அந்த நுரை உறைந்ததுதான் உங்கள் மிதக்கும் கல், நுரைக்கல்.

தங்கிய குழம்பைக் கீழிருந்து வரும் புதுக் குழம்பு சும்மா விடுவதும் இல்லை. பிலிப்பைன்ஸின் பினாட்டுபோவில் சூடான பசால்ட் போய்ப் பழைய கெட்டிக் குழம்பைக் கிளறிய பிறகுதான் 1991 ஜூனில் அந்தப் பெருவெடிப்பு. கலப்பின் அடையாளம் கல்லிலேயே இருக்கும். பெல்ட்ஸ்பார் பளிங்கை மெல்லிய சீவலாக்கி நுணுக்குக்காட்டியில் பார்த்தால் அடுக்கு அடுக்காக வளர்ந்திருப்பது தெரியும். நடுவில் ஓர் அடுக்கின் ஓரம் அரித்ததுபோல இருந்தால், அந்த நேரத்தில் சூடான குழம்பு வந்து அதைக் கரைத்திருக்கலாம். எனக்கு எரிமலைப் படங்களைவிட இந்தச் சீவல்களில்தான் மோகம்.

ஹவாயின் கிலாவேயாவில் 2018 மே மாதம் முதலில் வந்தது மந்தமான, சூடு குறைந்த குழம்பு. பல ஆண்டுகளாக நிலத்தடியில் கிடந்த மிச்சம் அது. ஒரு பிளவில் ஆண்டிசைட் (பசால்ட்டுக்கும் ரயோலைட்டுக்கும் நடுவான வகை) வரைக்கும் போய்விட்டது. பிறகு புதுக் குழம்பு வந்து ஆறாக ஓடியது. எல்லாம் சில வாரங்களுக்குள். உங்களுக்கு இன்னும் பொருத்தமான உதாரணம் இந்தோனேசியாவின் கிரகட்டோவா. 1883இல் வெளிறிய நுரைக்கல்லைக் கக்கியது. அது இந்து சமுத்திரத்தைத் தாண்டி ஆபிரிக்கா வரை மிதந்து போனது. அதே இடத்தில் 1927இல் தலைகாட்டத் தொடங்கிய அனாக் கிரகட்டோவா தருவதோ பெரும்பாலும் கருமையான லாவா.

ஆனால் உங்கள் கறுப்புக் கல்லில் எனக்கு நம்பிக்கை குறைவு. பாரமான லாவா மிதந்து வராது, திருகோணமலைப் பாறைகளும் எரிமலைப் பாறைகள் அல்ல. நீராவிக் கப்பல்கள் கரி ஏற்றிய துறைமுகம் இது; கரி எரிந்து மிஞ்சிய கசட்டைக் கடலில் கொட்டுவது அன்றைய வழக்கம். அதுவும் கறுப்பாக, ஓட்டையாக, அச்சு அசலாக லாவா மாதிரியே இருக்கும். உடைந்த முகத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். பச்சை ஒலிவினோ வெள்ளைப் பெல்ட்ஸ்பாரோ பரவலாகத் தெரிந்தால் லாவாவாக இருக்கலாம். கண்ணாடிப் பூச்சும் துருவும் கரித்துண்டும் தெரிந்தால் கப்பல் கசடு. காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள், இரண்டுமே இழுக்கும்.

வெள்ளைக் கல்லுக்கு 'நுரைக்கல்: கடலில் மிதந்து வந்தது, எந்த எரிமலை என்று தெரியாது' என்று எழுதச் சொல்லுங்கள். கறுப்பு கசடுதான் என்றால் அதையும் வைக்கலாம், 'லாவா போலத் தெரிவது' என்ற தலைப்பில். கண்காட்சியில் அதைச் சுற்றித்தான் கூட்டம் கூடும்.